கல் ஒன்று கிடந்தது

1

இந்தக் கதை எனக்கு வந்த ஒரு கடிதத்திலிருந்து பிறந்தது. உள்ளொளி, உந்துதல், பனி படர்ந்த மலைமுகடு என்று எதையாவது சொல்லி வைத்திருக்கலாம். ஆனால் கடிதம்தான். தலைப்பில் மூன்று இலச்சினைகள், அடியில் நான்கு கையொப்பங்கள், நடுவில் ஒன்றேகால் வரி விஷயம்: 'பாரவூர்தித் தொழிலில் வழங்கும் பொதுச் சொற்கள் நூற்றிருபதுக்குத் தூய தமிழ் நிகர்ச்சொற்கள் காணும் அறிஞர் குழுவில் தாங்களும் அங்கம் வகிக்க வேண்டும்.'

இருபத்திரண்டு வருடங்களாகப் பத்திரிகையில் இப்படிப்பட்ட குழுக்களைக் கிண்டல் செய்து பெயர் எடுத்தவன் நான். திட்டுகிறவனை உள்ளே இழுத்துப் போட்டால் வாய் அடைபடும் என்று யாரோ யோசித்திருக்கிறார்கள். நல்ல யோசனை. பதுளையில் நடந்த முதற் கூட்டத்தில் தேநீரோடு வைத்த பற்றீஸ் உண்மையிலேயே நன்றாக இருந்தது.

குழுவில் எட்டுப் பேர். லொறியின் கெபினுக்குள் ஒரு முறையாவது ஏறியவர் அதில் எவருமில்லை. ஆனாலும் வேலை மளமளவென்று நடந்தது. 'டிப்பர்' கவிழ்சுமையூர்தி ஆனது. 'கிளீனர்' ஊர்தித் துணைவர் ஆனார். 'பேக் லோட்', அதாவது போன இடத்திலிருந்து வெறுமனே திரும்பாமல் ஏற்றி வரும் சாமான், மீள்வழிச் சுமையேற்றம் ஆவதற்கு முக்கால் மணி நேரம் பிடித்தது. (அந்த முக்கால் மணி நேரத்தில் பதுளையிலிருந்து ஒரு லொறி பசறைக்கே போய்விடும்.) நானும் சும்மா இருக்கவில்லை. சக்கரத்துக்குப் போடுகிற கல்லுக்கு 'ஊர்தித் தடைக்கல்' என்று முன்மொழிந்தேன். கை தட்டினார்கள்.

[அந்தக் கைதட்டல்தான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று எழுதலாமா? வேண்டாம். காரணம் நான்.]

தட்டிய கை ஓய்வதற்குள் எழுந்து, மீதிச் சொற்களை நேரில் போய்ச் சேகரிக்கப் போவதாக அறிவித்தேன். 'களப்பணி' என்று சொன்னதாக ஞாபகம். அதற்கும் தட்டினார்கள்.

2

கதையின் தொடக்கத்தை நான்கு விதமாக எழுதிப் பார்த்தேன். வெட்கத்தை விட்டு இரண்டைக் காட்டுகிறேன்.

முதலாவது: 'ஊவாவின் மலைமுகடுகள் மீது மூடுபனி தன் வெண்துகிலை விரித்த அந்த அந்திப்பொழுதில், வாழ்க்கை என்னும் நீள்பயணத்தின்' –

போதும். இந்த வாக்கியத்தை வேறொருவர் எழுதியிருந்தால் ஒரு வாரப் பத்தி எனக்குக் கிடைத்திருக்கும்.

இரண்டாவது: 'பசறைக்கு மேலே, ஒரு தோட்டத்து வீதியின் வளைவில், கல் ஒன்று கிடந்தது.'

இது நல்ல வாக்கியம். சின்னது, அடக்கமானது. ஆறு நாட்கள் இதோடு வாழ்ந்தேன். ஆனால் வாசகரே, இதை நம்பாதீர்கள். இந்த வாக்கியத்தில் ஓர் ஆளைக் காணவில்லை. கல் தானாக வந்து வளைவில் படுக்காது. காணாமல் போன ஆளை நான்காம் பகுதிக்குள் கொண்டுவந்துவிடுவேன் என்று நம்புகிறேன்.

அதற்குமுன், இந்தக் கதையில் யாருக்கு எது போகக்கூடும் என்பதைச் சொல்லிவிடுவது நியாயம். விஜயலெட்சுமி என்று ஒரு பெண். வயது முப்பத்துநான்கு. அந்தத் தோட்டத்தில்* தேயிலைக் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவர். கனரக வாகன அனுமதிப்பத்திரம் எடுத்து, முன்பிருந்த சாரதி வெளிநாடு போனதும் கொழுந்து லொறியின் ஸ்டியரிங்கைப் பிடித்தவர். பதவிப் பெயர் 'அக்டிங் டிரைவர்', அதாவது தற்காலிகம். மூன்று மாதம் ஒரு கீறல் இல்லாமல் ஓட்டினால் நிரந்தரம். இல்லாவிட்டால் மறுபடி மலைக்கு, கூடைக்கு. மூன்று மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தபோது நான் அந்த வீதிக்குப் போனேன்.

* தோட்டத்தின் பெயரை எழுதமாட்டேன். தோட்டத்துக்கு வழக்கறிஞர் இருக்கிறார். எனக்கு இல்லை.

3

பலீல் நானாவைப் பதுளை பஸாரில் பிடித்தேன். சொந்த லொறி, சொந்த ஓட்டம். கிழமைக்கு இரண்டு நாள் தோட்டத்து மேல் டிவிஷனுக்கு ஏறி, லயத்து வரிசை வீடுகளில் இருக்கும் சனங்கள் வீட்டுக்குப் பின்னால் போடுகிற போஞ்சி, லீக்ஸ், கோவா என்று மரக்கறிகளை ஏற்றி வந்து சந்தையில் போடுவார். அன்று அவருடைய கிளீனர் ஷாஹ்மிக்குக் காய்ச்சல்.

"நான் வருகிறேன்" என்றேன். "கிளீனர் வேலையையும் பார்த்துக்கொள்கிறேன். எனக்குச் சொற்கள் வேண்டும்."

பலீல் நானா என்னை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"சொல்லு எவ்வளவும் தரலாம் சேர். சப்பாத்து அழுக்காகும். பரவால்லயா?"

ஏறினேன். பசறை வருமுன்பே நோட்டுப் புத்தகத்தில் மூன்று பக்கம் நிரம்பியது. நிரம்பியவற்றைப் பார்த்துத்தான் எனக்கு முதன்முதலாகச் சங்கடம் தட்டியது. அவருடைய சொற்கள் ஒவ்வொன்றும் ஒரு கட்டளையாகவோ ஒரு எச்சரிக்கையாகவோ இருந்தன. எங்கள் குழு செய்தவை எல்லாம் பெயர்ப்பலகைகள்.

"நியூட்ரல்ல உடுறதுண்டா என்ன நானா?"

"பள்ளத்துல கியர் இல்லாம வண்டிய சும்மா உருள உடுறது. டீசல் மிச்சம். ஆளும் மிச்சம் வரமாட்டான்."

"சரியான முறை?"

"எந்தக் கியர்ல ஏறினீங்களோ அந்தக் கியர்லதான் எறங்கணும். செகண்ட்ல ஏறினா செகண்ட்ல எறங்கு. இத எழுதுங்க. மத்தது எழுதாட்டியும் பரவால்ல."

எழுதினேன்.

பிறகு வழி விடுகிற முறை. அதற்கு இரண்டு சட்டம் இருப்பதாகச் சொன்னார். இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழி விட வேண்டும். வெறும் வண்டி பாரம் ஏற்றிய வண்டிக்கு வழி விட வேண்டும்.

"பாரம் ஏற்றியது இறங்கி வந்து, வெறும் வண்டி ஏறிப் போனால்?" என்று மடக்கினேன். குழுவில் இப்படி மடக்கினால் தேநீர் இடைவேளை விடுவார்கள்.

"வந்தா பார்ப்பம்" என்றார்.

அடுத்தது கல். பலீல் நானாவின் ஹேண்ட் பிரேக் கொஞ்சம் சோம்பேறி. ஏற்றத்தில் வண்டியை நிறுத்தினால் கிளீனர் குதித்து, பின் சக்கரத்துக்கு அடியில் ஒரு கல்லைக் கொடுக்க வேண்டும். வண்டி எடுத்ததும் அந்தக் கல்லைத் தூக்கி வீதியோர வடிகாலான காணுக்குள் போட்டுவிட்டு ஓடிவந்து ஏற வேண்டும். ஏறியதும் சாரதி கேட்பார்: "கல்லு?" கிளீனர் சொல்வார்: "எடுத்தாச்சு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். எடுத்தாச்சுண்டு வந்தா அதுக்குப் பொறகு திரும்பிப் பார்க்கிறல்ல. பார்த்தா கிளீனர நம்பல்லண்டு அர்த்தம். முப்பது வருஷமா நான் திரும்பிப் பார்த்ததில்ல."

பசறையைத் தாண்டிய ஏற்றத்தில் இரண்டு தடவை அதைச் செய்தேன். இரண்டு தடவையும் "கல்லு?" என்றார், "எடுத்தாச்சு" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு ஏற்பட்ட பெருமிதத்தை விவரித்தால் நீங்கள் சிரிப்பீர்கள்.

(ஒரு சந்தேகம். பலீல் நானா அளவுக்கு மீறி நல்லவராக வந்துகொண்டிருக்கிறார். இப்படிப்பட்ட பாத்திரத்தை வாசகர் நம்பமாட்டார் என்று விமர்சகர்கள் சொல்வார்கள். ஆகவே ஒரு குறை தேடினேன். கிடைத்தது: நீரிழிவுக்காரர். ஒரு கையில் சீனிச்சம்பல் பணிஸை வைத்துக்கொண்டு, மனைவி ரஹ்மத்தும்மாவிடம் போனில், "வெறும் தேத்தண்ணிதான் குடிச்சேன், சீனி போடல்ல" என்றார். இதற்குமேல் ஒரு குறையும் அகப்படவில்லை. மன்னிக்கவும்.)

4

மேல் டிவிஷன் வீதியில் ஒரு வண்டிக்குத்தான் இடம். இந்த வருட மழையில் பள்ளத்துப் பக்கத்து ஓரம் கரைந்து, அந்த ஒரு வண்டிக்கும் முக்கால் இடமாகியிருந்தது. வளைவில் திரும்பினோம். எதிரே கொழுந்து லொறி, சாக்குகள் கூரைக்கு மேலே நிற்க, அவற்றின் மேல் மூட்டை தூக்கும் இரண்டு பேர் உட்கார்ந்திருக்க, இறங்கி வந்துகொண்டிருந்தது.

பாரம் ஏற்றியது இறங்குகிறது. வெறும் வண்டி ஏறுகிறது. நான் கேட்ட கேள்வி கண்ணெதிரே வந்து நிற்கிறது. நோட்டுப் புத்தகத்தைத் திறந்தேன். இரு தரப்பு வாதங்களையும் பதிவு செய்ய வேண்டும் அல்லவா.

வாதமே நடக்கவில்லை. நான் பேனாவின் மூடியைக் கழற்றுவதற்குள் பலீல் நானா ரிவர்ஸ் போட்டிருந்தார்.

"நானா, நீங்கதானே ஏறுறீங்க?" என்று எதிர் வண்டியிலிருந்து தலை நீட்டிக் கேட்டார் விஜயலெட்சுமி. "நான் பின்னுக்கு எடுக்கிறேன்."

"வேணாம் தங்கச்சி. பாரம் ஒங்ககிட்ட ஈக்கி."

நூறு யார் தூரம் பின்னால் இறங்க வேண்டும். நான் குதித்து, வண்டிக்குப் பின்னால் நின்று இரண்டு கைகளையும் ஆட்டி வழி காட்டினேன். திரைப்படத்தில் விமானத்துக்குக் காட்டுவார்களே, அப்படி.

"சேர்" என்றார் பலீல் நானா. "கொஞ்சம் தள்ளி நின்டா கண்ணாடில ரோடு தெரியும்."

தள்ளி நின்றேன். அந்த நூறு யார் தூரத்தையும் அவர் ஒரே மூச்சில் எடுத்தார். பின் சக்கரம் கரைந்த ஓரத்துக்கு ஒரு சாண் தள்ளியே உருண்டது. ஒரு இடத்திலும் அந்தச் சாண் அரைச் சாண் ஆகவில்லை. வளைவின் கொஞ்சம் அகலமான இடத்தில் ஒதுக்கினார். நான் கல்லைக் கொடுத்தேன். கொழுந்து லொறி கடந்தது. இரண்டு வண்டிகளின் கண்ணாடிகளுக்கும் இடையில் ஒரு பீடி போகும். அந்த இடைவெளியில் அவர்கள் பேசிக்கொண்டார்கள்.

"புது கிளீனரா நானா?"

"எழுத்தாளர்."

"அப்ப பாத்துப் போங்க."

நான் பரவசத்தில் இருந்தேன். இரண்டு சட்டம் மோதுகிறது, சட்டப்படி உரிமையுள்ளவன் உரிமையைத் தூக்கிப் போட்டுவிட்டு, தன்னால் முடியும் என்பதற்காகப் பின்வாங்குகிறான். இதற்கு ஒரு சொல் வேண்டாமா? 'சுமைமுதன்மை.' அதுதான் வந்தது. நோட்டுப் புத்தகத்தை இடது கையில் விரித்து, நின்றபடியே எழுதினேன். வண்டி எடுத்தது. கல்லைத் தூக்க இரண்டு கை வேண்டும். ஒரு கையில் புத்தகம், ஒரு கையில் பேனா. 'முதன்மை'யா, 'முன்னுரிமை'யா என்று யோசித்தபடி ஓடிப்போய் ஏறினேன்.

"கல்லு?" என்றார் பலீல் நானா.

"எடுத்தாச்சு" என்றேன்.

[பொய் சொன்னேனா? இந்த அடைப்புக்குறிக்குள் ஒரு முழு நாள் உட்கார்ந்திருந்தேன். ஏமாற்ற நினைக்கவில்லை. அந்தக் கேள்விக்கு அதுதான் சரியான பதில் என்று எனக்குத் தெரிந்திருந்தது, அவ்வளவே. சரியான சொல் தெரிந்த சந்தோஷத்தில் சொன்னேன்.]

அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

5

இனி வருவதை நான் பார்க்கவில்லை. பார்த்தவர்களிடம் கேட்டு எழுதுகிறேன். அலங்காரம் ஏதாவது தட்டுப்பட்டால் அது என்னுடையது, அடித்துவிட்டு வாசியுங்கள்.

கொழுந்து லொறி பழைய வீதியால் ஏறி, இந்த வீதியால் இறங்கும். நாங்கள் அன்று மரக்கறி ஏற்றிக்கொண்டு பழைய வீதியால் இறங்கிப் போய்விட்டோம். பிற்பகல் மூன்று மணிக்கு இரண்டாவது லோட்டோடு இறங்கியபோது பனி முகத்துக்கு எதிரே நின்றது. செகண்ட் கியர். வளைவில் முன் சக்கரம் கல்லில் ஏறியது. டயர் வெடித்தது. வண்டி பள்ளத்துப் பக்கம் இழுத்தது.

பிரேக்கை மிதித்திருந்தால் கவிழ்ந்திருக்கும் என்று எல்லா டிரைவர்மாரும் சொல்கிறார்கள். விஜயலெட்சுமி மிதிக்கவில்லை. ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் மலைப்பக்கம் வளைத்து, கியர் பிடியிலேயே வண்டியைக் கொண்டுபோய் மண்மேட்டில் அணைத்தார். ஒரு மாட்டைத் தொழுவத்துச் சுவரோடு அணைத்துக் கட்டுகிற மாதிரி – (என்னுடையது, அடித்துவிடுங்கள்). மேலே இருந்த இருவரும் கொழுந்துச் சாக்குகளோடு சாக்குகளாகக் காணுக்குள் விழுந்தார்கள். ஒருவருக்கு முழங்கை சிராய்ப்பு. அவ்வளவுதான். முன் பம்பர் நசுங்கியது. மூன்று மாதத்தில் முதல் கீறல்.

மறுநாள் காலை பலீல் நானா போன் எடுத்தார். சலாம் இல்லை, சுகம் விசாரிக்கவில்லை.

"சேர், நேத்து அந்த வளைவுல கல்ல எடுத்தீங்களா, இல்லாட்டி எடுத்தாச்சுண்டு சென்னீங்களா?"

நாற்பது வருடமாகத் தமிழில் எழுதுகிறேன். இவ்வளவு கூர்மையான ஒரு வாக்கியத்தை நான் எழுதியதில்லை.

"சொன்னேன்" என்றேன்.

"ஹரி" என்றார், சிங்களத்தில் 'சரி'. "கல்லு என்ட வண்டிக்குப் போட்டது. அந்தப் புள்ளக்கிட்ட நான் மொகம் காட்டணும். செவ்வாக்கிழம விசாரணையாம்." வைத்துவிட்டார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அதைக் கதையில் பயன்படுத்தியிருக்கலாம்.

அன்று மாலைதான் 'கல் ஒன்று கிடந்தது' என்று எழுதினேன்.

6

சனிக்கிழமை பஸ் பிடித்து, மீதித் தூரத்தை நடந்து போனேன். பெக்டரிக்குப் பின்னால் நசுங்கிய லொறி நின்றது. விஜயலெட்சுமி அதன் கெபினைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஓட்ட விடலியேன்னு சும்மா இருக்க முடியுமாங்க? தூசி படியுது" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்து, "கல்லு வெசயமா வந்தீங்களா?" என்றார்.

தெரிந்திருந்தது. வண்டி நின்றதும் இறங்கி முதலில் கல்லைத்தான் பார்த்தாராம். சக்கரத்துக்குக் கொடுத்த கல்லில் ஒரு பக்கம் டயர் கடித்த கறுப்பு இருக்கும். காலையில் அந்த இடத்தில் ஒதுங்கி நின்ற வண்டி ஒன்றுதான். நானாவின் கை அப்படி விடாது. ஆகவே எழுத்தாளரின் கை.

"நீங்கள் எழுதிக் கொடுத்த வாக்குமூலத்தில் கல்லைப் பற்றி ஒன்றுமே இல்லையாமே?"

"எதுக்குங்க? கல்லுன்னு சொன்னா யாரு கல்லும்பாங்க. நானா வண்டிய கேட்டுக்குள்ள விடமாட்டாங்க. அப்பறம் லயத்து சனம் போஞ்சிய தலையில சொமந்தா பசறைக்குக் கொண்டு போவும்?"

"அதற்காக உங்கள் வேலையை விடுவதா?"

"விடறேன்னு யாருங்க சொன்னா?" துணியைப் பிழிந்தார். "பனியில ரோட்டுல என்னா கெடக்குதுன்னு பாக்கிறதும் டிரைவர் வேலதான். அதையும் சேத்துத்தான் எழுதிக் குடுத்தேன். விசாரணையில ஓட்டிக் காட்டச் சொல்லுங்க, ஓட்டுறேன்னு கேப்பேன்."

நான் வந்து உண்மையைச் சொல்கிறேன் என்றேன். நான்கு பக்கத்தில் ஒரு அறிக்கை தயாராக வைத்திருந்தேன். அதில் 'மலையக மகளின் மகத்தான ஓட்டுத்திறன்' என்று ஒரு பந்தி. வாசித்துக் காட்டினேன். வாயைத் துணியால் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"சேர், நான் லொறி ஓட்டுறேங்க. தேர் ஓட்டல." பிறகு சிரிப்பு நின்றது. "வந்து சொல்லுங்க. சொல்ல வேண்டியதுதான். ஆனா கதையா சொல்லாதீங்க. கேட்டதுக்குப் பதில் மட்டும் சொல்லுங்க. நானாவும் வர்றதா சொல்லிட்டாரு."

7

முடிவுக்கு மூன்று வரைவு வைத்திருக்கிறேன்.

அ. தோட்டத்தை நடத்தும் தொரை என் வாக்குமூலத்தில் மனம் உருகி, எழுந்து நின்று, நிரந்தர நியமனக் கடிதத்தை – (தொரைமார் எழுந்து நிற்பதில்லை.)

ஆ. வேலை போகிறது. கூடையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் மலையேற, பின்னணியில் மழை – (இதற்குப் பரிசு கிடைக்கும். ஆகவே வேண்டாம்.)

இ. விசாரணையில் பலீல் நானா பழியைத் தன்மேல் –

நடந்ததை எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை காலை, தோட்டத்து ஒபிஸ். தொரை இளைஞர். முகாமைத்துவம் படித்தவர். "இந்த இன்சிடன்டை ஒரு படிப்பினையாகப் பார்க்க வேண்டும்" என்று தொடங்கிப் பத்து நிமிடம் பேசினார். எங்கள் குழுவில் ஒன்பதாவது ஆளாகச் சேர்க்கத் தகுந்தவர். பலீல் நானா தொப்பியைக் கையில் பிடித்தபடி, "கல்லு என்ட வண்டிக்குப் போட்டது. திரும்பிப் பார்க்காதது என்ட பிழ" என்றார். முப்பது வருட வழக்கத்தைத் தன் பிழை என்று அவர் சொன்னபோது விஜயலெட்சுமி நிலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு என்னிடம் கேட்டார்கள். நான்கு பக்கமும் சட்டைப் பையில் இருந்தது.

"கல்லை நான் போட்டேன். எடுக்கவில்லை. எடுத்தாச்சு என்று சொன்னேன்" என்றேன்.

இந்த மூன்று வாக்கியத்துக்கும் ஒருவரும் கை தட்டவில்லை. தொரை எழுதிக்கொண்டார். "வேறு ஏதாவது?" என்றார். "இல்லை" என்றேன். அதன்பின் விஜயலெட்சுமி, தான் ஓட்டிக் காட்டுவதாகச் சொன்னார். எல்லோரும் முற்றத்துக்கு வந்தோம். புது டயர் போட்ட லொறியில் ஏறினார். பக்கத்தில் தொரை ஏறினார். மேல் டிவிஷன் பக்கம் போனார்கள். நாற்பது நிமிடம். பலீல் நானா அந்த நாற்பது நிமிடமும் வீதியைப் பார்த்தபடி நின்றார். வண்டி திரும்பி வரும் சத்தம் முதலில் கேட்டது. காதைச் சாய்த்துக் கேட்டுவிட்டு, "செகண்ட்ல வாரா" என்றார்.

8

தொரை இறங்கி என்ன முடிவு சொன்னார் என்பது எனக்குத் தெரியும். இந்த இடத்தில் எழுதியும் வைத்திருந்தேன். கதையை அச்சுக்குக் கொடுக்குமுன் விஜயலெட்சுமியிடம் போனில் வாசித்துக் காட்டினேன். கடைசிப் பந்தியை எடுத்துவிடச் சொன்னார்.

"ஏன்?"

"நல்லதா முடிஞ்சதுன்னு போட்டா நீங்க வந்து காப்பாத்துன மாதிரி ஆயிரும். கெட்டதா முடிஞ்சதுன்னு போட்டா படிக்கிறவங்க என்னைய ஐயோ பாவம்பாங்க. ரெண்டும் வேணாங்க."

"வாசகர் என்ன செய்வார்? காத்திருப்பாரே."

"தெரிஞ்சுக்கணும்னா வந்து பாக்கட்டும். ரோடு இருக்குல்ல."

ஆகவே, வாசகரே, முடிவு என்னிடம் இல்லை, வீதியில் இருக்கிறது. பதுளையில் பஸ் ஏறிப் பசறையில் இறங்குங்கள். மேலே கொஞ்சம் நடக்க வேண்டும். காலையில் ஒரு தடவையும் பிற்பகல் மூன்று மணி வாக்கில் ஒரு தடவையும் கொழுந்து லொறி ஒன்று இறங்கி வரும். ஓரமாக நின்றால் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருப்பவரின் முகம் நன்றாகத் தெரியும்.

நான் சொல்லமாட்டேன். சொல்லமாட்டேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன்.